பொழுது எங்கே போகிறது

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள், சாயங்காலம் ஏழு மணிக்கு அலுவலகத்திலிருந்து கீழே இறங்கினேன். என் வண்டியின் சீட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் நாலைந்து வேப்பிலை மிதந்தது. "நாலு மணிக்குப் பிடிச்ச மழை சார், ஆறு வரைக்கும் ஊத்துச்சு. அந்த இடி இடிச்சுதே, உங்களுக்குக் கேக்கலையா?" என்றார் வாசலில் இருந்த காவலாளி. கேட்கவில்லை. நாங்கள் உட்காரும் மூன்றாம் மாடியில் ஜன்னலெல்லாம் அடைப்பு, அதன்மேல் திரை, நாள் முழுக்க ஏசி. காலை பத்து மணி வெளிச்சமும் மாலை ஆறு மணி வெளிச்சமும் அங்கே ஒன்றுதான்.

சீட்டைத் துடைத்துவிட்டுக் கிளம்பும்போது, மழையைத் தவறவிட்டதைவிட வேறொன்று உறுத்தியது. அன்று காலையிலிருந்து என்ன செய்தேன் என்று நினைத்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. முந்தின நாளும் அப்படித்தான். அந்த வாரமே ஒரே நாளாக ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"பொழுது போனதே தெரியலை" என்று நாம் இரண்டு சமயங்களில் சொல்கிறோம். ஆற்றங்கரையில் நண்பர்களோடு பேசிவிட்டு எழுந்திருக்கும்போது சொல்வோம். இப்படி ஒரு வாரத்தைத் தொலைத்துவிட்டு நிற்கும்போதும் சொல்வோம். ஆனால் ஆற்றங்கரைச் சாயங்காலம் பத்து வருடம் கழித்தும் நினைவில் நீளமாக இருக்கும். தொலைந்த வாரம் இருக்காது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு குகைக்கு வந்து சேர்வோம்.

1962 ஜூலை 16 அன்று, மிஷெல் சிஃப்ர் என்ற 23 வயது பிரெஞ்சு நிலவியலாளர், பிரான்சும் இத்தாலியும் சேரும் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் ஸ்கராசோன் என்ற குகைக்குள் இறங்கினார். தரைக்குக் கீழே நூறு மீட்டருக்கும் மேலான ஆழம். அங்கே ஒரு பனிப்பாறை. அதைப் பதினைந்து நாள் ஆராய்ந்துவிட்டு வருவதுதான் அவருடைய முதல் திட்டம். அப்புறம் பதினைந்து நாள் போதாது, இரண்டு மாதம் இருக்கலாம் என்று நினைத்தார். அதற்கும் அப்புறம்தான் அந்த யோசனை வந்தது: கைக்கடிகாரம் இல்லாமல், இருட்டில், நேரம் என்ன என்றே தெரியாமல் இருந்து பார்த்தால் என்ன?

மேலே ஒரு குழு காத்திருந்தது. தூங்கி எழுந்ததும், சாப்பிடும்போதும், படுக்கப் போகும்போதும் அவர் தொலைபேசியில் அவர்களுக்குச் சொல்வார். அவர்கள் தாமாக அவரைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால், மேலே பகலா இரவா என்பதை அவர் ஊகித்துவிடலாம். உறையவைக்கும் குளிர், எந்நேரமும் ஈரம். செப்டம்பர் 14 அன்று குழுவினர் அவரிடம், இரண்டு மாதம் முடிந்துவிட்டது, மேலே வரலாம் என்றார்கள். அவரால் நம்ப முடியவில்லை. அவர் எழுதிவைத்திருந்த கணக்குப்படி அன்று ஆகஸ்ட் 20தான். கிட்டத்தட்ட ஒரு மாதம் அவர் கணக்கிலிருந்து காணாமல் போயிருந்தது.

ஒவ்வொரு முறை பேசும்போதும் ஒரு சின்னப் பரீட்சையும் வைத்திருந்தார்கள். நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ண வேண்டும். சரியாக எண்ணினால் இரண்டு நிமிடத்தில் முடியும். அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. நேரத்தை நிதானமாகத்தான் எண்ணுகிறோம் என்ற நினைப்பிலேயே எண்ணியிருக்கிறார்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்து வரும் தகவல். அவர் எழுந்ததையும் படுத்ததையும் மேலே இருந்தவர்கள் மணி பார்த்துக் குறித்துவைத்திருந்தார்கள் அல்லவா? அதைக் கணக்குப் போட்டால், அவருடைய ஒரு நாள் சராசரியாக 24½ மணி நேரம் இருந்தது. அதாவது, உடல் தன் கணக்கைப் பெரிதாகப் பிசகவில்லை. சூரியனையே பார்க்காமல், ஏறக்குறைய ஒழுங்காகத் தூங்கி எழுந்திருக்கிறது. பிசகியது மனம் போட்ட கணக்கு. நீண்ட பகல்கள் அவருக்குச் சில மணி நேரமாகத் தோன்றியிருக்கின்றன.

பத்து வருடம் கழித்து, 1972இல், அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலக் குகை ஒன்றில் ஆறு மாதத்துக்கும் மேல் தனியாக இருந்தார். நாசாவும் அந்த ஆய்வில் ஆர்வம் காட்டியது. இந்த முறை சில சமயம் அவருடைய ஒரு நாள் 48 மணி நேரமாக நீண்டது. 36 மணி நேரம் விழித்திருப்பார், 12 மணி நேரம் தூங்குவார். 24 மணி நேர நாளுக்கும் 48 மணி நேர நாளுக்கும் இடையே அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டும் ஒரு நாள், அவ்வளவுதான். தனிமை தாங்காமல் அங்கே சுற்றிக்கொண்டிருந்த ஓர் எலியை நண்பனாக்கிக்கொள்ளப் பார்த்தார். பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடிக்கப் போய், அது நசுங்கிச் செத்துப்போனது. நேர ஆராய்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் அந்தக் குகையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த எலிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

சிஃப்ர் 2024இல் இறந்தார். பிற்காலத்தில் தன் அனுபவத்துக்கு அவர் கொடுத்த விளக்கம் எளிமையானது. சுற்றிலும் இருட்டு, ஒரே ஒரு விளக்கு, எதுவும் மாறுவதில்லை. ஒன்றிரண்டு நாளைக்கு முன் என்ன செய்தோம் என்பது நினைவில் நிற்பதில்லை. எழுவது, படுப்பது தவிர மற்றதெல்லாம் கறுப்பு. எல்லாம் சேர்ந்து ஒரே நீண்ட நாள் மாதிரி இருக்கும் என்றார். அதைப் படித்தபோது எனக்கு என் மூன்றாம் மாடி ஞாபகம் வந்தது.

2021இல் இதே சோதனையைக் கூட்டமாகச் செய்து பார்த்தார்கள். பிரான்சில் லோம்ப்ரிவ் குகைக்குள் 15 பேர் 40 நாள் கடிகாரமும் செல்போனும் இல்லாமல் இருந்தார்கள். பேச்சுத் துணைக்கு ஆள் உண்டு, கூட்டாகச் செய்ய வேலையும் உண்டு. வெளியே வரச் சொன்னபோது, பலர் முப்பது நாள் அளவுதான் ஆகியிருக்கும் என்று நினைத்திருந்தார்கள். ஒருவருடைய கணக்கு வெறும் 23 நாள். ஆக, தனிமை மட்டும் காரணமில்லை.

உடலுக்குள் ஓடும் கடிகாரத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1729இலேயே ழான் ழாக் டி மேரான் என்ற பிரெஞ்சு அறிஞர், பகலில் இலை விரித்து இரவில் மூடும் தொட்டாற்சிணுங்கி வகைச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாமலும் அது வேளை தவறாமல் விரிந்து மூடியது. நமக்கும் அப்படி ஒன்று உண்டு. இரண்டு கண்ணின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில், சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு துணுக்கு. அதுதான் தலைமைக் கடிகாரம். உயிரணுக்களுக்குள் இது எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்ததற்காகத்தான் ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்தக் கடிகாரம் சரியாக 24 மணி நேரத்தில் சுற்றுவதில்லை. ஹார்வர்டில் 1999இல் கவனமாக அளந்தபோது மனிதர்களுக்குச் சராசரியாக 24 மணி 11 நிமிடம் வந்தது. பதினொரு நிமிடம் சின்ன விஷயம் மாதிரி தோன்றலாம். தினமும் சேர்ந்துகொண்டே போனால் ஒரே மாதத்தில் ஐந்தரை மணி நேரம் பிந்திவிடும். ஆகவே தினமும் யாராவது முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது விடிகாலை வெளிச்சம். விழித்திரையில் பார்வைக்கென்று உள்ள அணுக்கள் போக, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் உணர்ந்து அந்தத் துணுக்குக்குச் செய்தி அனுப்பும் அணுக்கள் தனியாக இருக்கின்றன. இது 2002 வாக்கில்தான் தெளிவாகத் தெரிந்தது.

எந்த வெளிச்சம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். நல்ல வெளிச்சமான அலுவலக அறையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். வீட்டில் அதைவிடக் குறைவு. மேகம் மூடிய பகலில் வெளியே வந்து நின்றாலே 10,000 லக்ஸ் அளவுக்குப் போகும். உச்சி வெயிலில் ஒரு லட்சம். அறைக்குள் நம் கண்ணுக்கு எல்லாம் நன்றாகத் தெரிவதால் வெளிச்சமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். கடிகாரத் துணுக்குக்கு அது அந்தி நேரம் மாதிரிதான். ராத்திரியும் அதே அரை வெளிச்சம் தொடர்வதால், அதற்குப் பகல் முழுப் பகலாகவும் இல்லை, இரவு முழு இரவாகவும் இல்லை.

அமெரிக்காவின் கொலராடோவில் கென்னத் ரைட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை அழகாகக் காட்டினார்கள். அந்த ஆய்வு 2013இல் வெளியானது. எட்டுப் பேரை ஒரு வாரம் ராக்கி மலையில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார்கள். டார்ச் லைட் கூடாது, போன் கூடாது. சூரியனும் ராத்திரி மூட்டும் நெருப்பும்தான் வெளிச்சம். ஒரே வாரத்தில் அவர்களுடைய உடல் கடிகாரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால் நகர்ந்து சூரியனோடு சேர்ந்துகொண்டது. தூக்கத்துக்கான மெலடோனின் பொழுது சாயும் நேரத்தை ஒட்டிச் சுரக்கத் தொடங்கியது. நான் ராத்திரி ஆள், எனக்குக் காலையில் மூளை வேலை செய்யாது என்று சொல்பவர்களுக்கும் விடிகாலையில் எழுபவர்களுக்கும் இருந்த இடைவெளியும் குறைந்தது. எட்டுப் பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் ஆடிமாதம் கிராமத்துக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தவர்களுக்கு இதை நம்ப ஆய்வு தேவைப்படாது.

சரி, உடல் கடிகாரத்துக்கும் நேரத்தை உணர்வதற்கும் என்ன தொடர்பு? ஜெர்மனியில் ஆண்டெக்ஸ் என்ற ஊரில், யுர்கன் அஷாஃப் 1960களில் நிலத்தடி அறைகள் கட்டி, ஆட்களை வாரக்கணக்கில் கடிகாரம் இல்லாமல் தங்கவைத்தார். அவர்கள் அவ்வப்போது, ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்று தோன்றும்போது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். விழித்திருக்கும் நேரம் யாருக்கு நீண்டுபோனதோ, அவர்களுடைய 'ஒரு மணி நேரம்' என்பதும் நீண்டுபோனது. சாப்பாட்டு வேளைகளும் அதே கணக்கில் தள்ளிப்போயின. முப்பது மணி நேர நாளிலும் மூன்று வேளைதான் சாப்பிட்டார்கள். தனக்குள் எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாமலேயே, நாள் என்ற பாத்திரத்தின் அளவுக்கு ஏற்ப மணியை இழுத்துக்கொண்டார்கள். வினாடிக் கணக்கில் அளக்கச் சொன்னால் இந்த மாற்றம் இல்லை. மணி, வேளை, நாள் போன்ற பெரிய அளவுகளைத்தான் நாம் வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறோம் போலிருக்கிறது.

மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் யாரையாவது பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது புரியும். என் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஜன்னல் இல்லாத அறையில் நான்கு நாள் இருந்தபோது, உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான்: "விடிஞ்சிருச்சாப்பா?" மத்தியானம் மூன்று மணிக்கும் அதே கேள்வி. வயதான நோயாளிகளுக்கு இப்படி ஏற்படும் குழப்பத்தைத் தடுக்க, கண்ணில் படும்படி கடிகாரமும் நாட்காட்டியும் வையுங்கள், பகல் வெளிச்சம் படட்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன. ஐந்தாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல், வெளியே தூங்குமூஞ்சி மரம். அன்று சாயங்காலம் இலைகள் மடங்குவதைப் பார்த்துவிட்டு அவரே, "ஆறு மணி ஆச்சா, காபி வரலையே" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது.

இனி, நினைவு. நேரம் நமக்கு இரண்டு வகையில் தெரிகிறது: கடந்துகொண்டிருக்கும்போது ஒரு நீளம், பிறகு திரும்பிப் பார்க்கும்போது வேறொரு நீளம். பேருந்துக்காகக் காத்திருக்கும் அரை மணி நேரம் காத்திருக்கும்போது நீளம், நினைவில் ஒன்றுமில்லை. பயணம் போன நாள் போகும்போது பறக்கும், நினைவில் பெரிதாக இருக்கும். திரும்பிப் பார்க்கையில் மனம் எத்தனை மாற்றங்களைப் பதிந்துவைத்திருக்கிறதோ அதைக் கொண்டுதான் நீளத்தை ஊகிக்கிறது என்பது உளவியலில் பழைய கருத்து. குகையில் பதிய ஒன்றும் இல்லை, ஆகவே இரண்டு மாதம் ஒரு மாதமாகச் சுருங்கியது. கொரோனா ஊரடங்கின்போதும் இப்படித்தான். 2020இல் பிரிட்டனில் சுமார் 600 பேரிடம் கேட்டதில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள், காலம் வழக்கம்போல நகரவில்லை, வேகமாகவோ மெதுவாகவோ போகிறது என்றார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2017இல் கனடாவைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், மரங்கள் சூழ்ந்த இடத்தில் நடந்தவர்களையும் நகரத் தெருவில் நடந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். நகரத்தில் நடந்தவர்கள் எவ்வளவு நேரம் நடந்தோம் என்பதை ஏறக்குறையச் சரியாகச் சொன்னார்கள். மரங்களுக்கு இடையே நடந்தவர்களுக்கு அந்த நடை உண்மையில் ஆனதைவிட நீளமாகத் தோன்றியது. 2012இல் அமெரிக்காவில் வந்த இன்னோர் ஆய்வில், பிரமிப்பூட்டும் காட்சிகளைப் பார்த்தவர்கள், தங்களுக்கு இன்னும் நிறைய நேரம் இருப்பதாக உணர்ந்தார்கள், பொறுமையும் கூடியது, மற்றவர்களுக்கு நேரம் ஒதுக்கவும் தயாராக இருந்தார்கள். இவை சிறிய விளைவுகள்தான், ஆட்கள் தாங்களே சொன்னதை வைத்து எடுத்த முடிவுகள்தான். ஆனால் குகையில் கண்டதோடு சேர்த்துப் பார்த்தால் பொருந்துகிறது. மாற்றமே இல்லாத இடத்தில் காலம் சுருங்குகிறது. நிதானமாக, இடைவிடாமல், நம்மை அவசரப்படுத்தாமல் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் விரிகிறது. தெருவிலும் மாற்றம் உண்டுதானே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது நம்மைப் பிடித்துத் தள்ளும் மாற்றம். ஹாரனைத் தவிர்ப்பதிலேயே கவனம் போய்விடும். பதிந்துகொள்ள எதுவும் மிஞ்சாது. இந்தக் கடைசி வரி என்னுடைய ஊகம்.

நம் மொழியில் இதெல்லாம் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. பொழுது என்றால் நேரம். பொழுது என்றால் சூரியனும்கூட. பொழுது விடிந்தது, பொழுது ஏறிவிட்டது, பொழுது சாய்ந்தது என்று நாம் சொல்லும்போது நகர்வது சூரியனா நேரமா என்று பிரிக்க முடியாது. "பொழுது போகலை" என்பவனுக்கு உண்மையில் சூரியன் நகரவில்லை. தொல்காப்பியம் ஒரு பாட்டுக்கு முதற்பொருள் என்று சொல்வதும் இரண்டைத்தான்: நிலம், பொழுது. ஆள், பேர், நிகழ்ச்சி எல்லாம் அப்புறம். எந்த நிலம், என்ன பொழுது என்பது முதலில். முல்லைக்குக் கார்காலமும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிர் என்ற குளிர்காலமும் யாமம் என்ற நள்ளிரவும். இடத்தை விட்டுப் பிரிந்த நேரம் என்ற ஒன்றை அவர்கள் யோசிக்கவே இல்லை போலிருக்கிறது.

அதைவிட நெருக்கமான காட்சி ஒன்று நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் வருகிறது. விடாத மழை, குளிர், வானம் மூடிக்கிடக்கிறது. பகலா இரவா என்று தெரியாத நாள். மதுரைப் பெண்கள் பூந்தட்டில் பித்திக அரும்புகளை, அதாவது நாம் பிச்சி என்கிற பூவின் மொட்டுகளை, வைத்திருக்கிறார்கள். அரும்பு அவிழ்ந்து மணம் எழுந்ததும், மாலையாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு இரும்பு விளக்கில் திரி போட்டு ஏற்றுகிறார்கள். சூரியன் இல்லாதபோது மூக்கால் நேரம் பார்த்திருக்கிறார்கள்! மேரான் செடியை இருட்டில் வைத்துக் கண்டுபிடித்ததும் இந்தப் பெண்கள் நம்பியதும் ஒரே விஷயம்தான்: வெளிச்சம் மறைந்தாலும் செடிக்கு வேளை தெரியும்.

என் அப்பாயிக்கு அது பீர்க்கம் பூ. திருச்சிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டில் கொல்லைப் பந்தலில் பீர்க்கங்கொடி படர்ந்திருக்கும். வெயில் தணியத் தணிய மஞ்சளாக ஒவ்வொன்றாக விரியும். "பீர்க்கு பூத்துருச்சு பாரு, போய் மாட்டைப் பிடிச்சுக் கட்டு" என்பார். மத்தியானச் சோற்றுக்கு அவருக்கு முற்றத்து வெயில்தான் மணி. கூரை ஓட்டின் நிழல் உரலைத் தொட்டால் உலை இறக்கலாம். ஆனால் அது மார்கழிக் கணக்கு. சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி தொடக்கம் வரைக்கும் எங்கள் ஊரில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்குப் பக்கமாகப் போகும், நிழல் வேறு இடத்தில் விழும். அதற்கு அவர் அம்மிக்குப் பக்கத்தில் தனியாக ஓர் இடம் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போகாதவர். சூரியன் வருடம் முழுக்க எப்படி நகர்கிறது என்பதை முற்றத்தில் மனப்பாடமாக வைத்திருந்தார்.

துரும்பை வைத்து நாழிகை பார்க்கும் முறை அவருக்கும் தெரிந்திருந்தது. இதைப் பாட்டாகவே சொல்லும் வழக்கமும் நம்மிடம் உண்டு. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம், ஒரு நாளைக்கு 60 நாழிகை, பகலுக்கு ஏறக்குறைய 30. முறை இதுதான். ஓர் ஈர்க்கையோ புல்லையோ எடுத்து, உங்கள் விரல் அகலத்தில் பதினாறு விரல் நீளத்துக்குக் கிள்ளிக்கொள்ளுங்கள். அதைச் சமதரையில் ஒரு பகுதி படுத்திருக்க, மறு பகுதி நேராக நிற்கும்படி மடக்குங்கள். நிற்கும் பகுதியின் நிழல் படுத்திருக்கும் பகுதியின் மேலேயே விழுந்து, அதன் நுனியோடு சரியாக முடியும்வரை மடக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். முடிந்ததும், நிற்கும் பகுதி எத்தனை விரலோ, முற்பகலில் அத்தனை நாழிகை ஆகியிருக்கிறது. பிற்பகலானால் பொழுது சாய அத்தனை நாழிகை இருக்கிறது. சூரியன் ஏறக்குறையத் தலைக்கு நேர் மேலே வரும் நாட்களில், உச்சிப் பொழுதில் பதினைந்து விரல் நிற்கும், ஒரு விரல் படுத்திருக்கும். பாதிப் பகல், பதினைந்து நாழிகை. யாருடைய விரலாக இருந்தாலும் பரவாயில்லை, விகிதம்தானே கணக்கு.

மார்ச் மூன்றாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் எங்கள் மொட்டைமாடியில் அக்கா மகளை வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்த்தேன். துடைப்பத்து ஈர்க்கு ஒன்று. மூன்று முறை மடக்கி மூன்று முறையும் முறிந்தது. நாலாவது ஈர்க்கைத் தண்ணீரில் ஊறவைத்து மடக்கியதும் நின்றது. நிற்கும் பகுதி எட்டு விரலுக்குக் கால் விரல் குறைவு. 7¾ நாழிகை என்றால் 186 நிமிடம். அன்று சூரியன் உதித்தது 6:13க்கு, ஆக மணி 9:19 என்று கணக்குப் போட்டோம். போனை எடுத்துப் பார்த்தால் 9:13. வெறும் ஆறு நிமிடம்தான் பிசகு. வேறு மாதங்களில், முக்கியமாக உச்சி வேளையை ஒட்டி, பிசகு இதைவிட நிறையவே கூடலாம், ஆனால் ஒரு துடைப்பக் குச்சியிடம் அதற்குமேல் கேட்க முடியாது.

நிலத்திலிருந்து பொழுதைப் பிரித்த கதையும் இதே சென்னையில் கொஞ்சம் நடந்தது. நாகப்பட்டினத்தில் சூரியன் உச்சிக்கு வந்து பதினொரு நிமிடம் கழித்துத்தான் கோயம்புத்தூரில் உச்சிக்கு வரும். முன்பு அந்தந்த ஊருக்கு அந்தந்த ஊர் நண்பகல். ரயில் வந்ததும் அது சரிப்படவில்லை. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் கணக்கில், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்த மெட்ராஸ் நேரத்தையே நாடு முழுக்க ரயில்வே எடுத்துக்கொண்டது. 1906 ஜனவரி 1 முதல் அதற்குப் பதிலாக 5½ மணி நேரம் முன்னாலான இந்தியப் பொது நேரம் வந்தது. அன்றிலிருந்து சென்னையில் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது சூரியன் பெரும்பாலும் உச்சிக்கு வந்து சேர்ந்திருக்காது. பொது நேரம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அது இல்லாமல் ஒரு ரயிலைக்கூடப் பிடிக்க முடியாது. எனக்கு வருத்தம் வேறு. கடிகாரம் வந்த பிறகும் அப்பாயி காலத்தில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. பீர்க்கும் பூத்தது, ரேடியோவில் செய்தியும் ஓடியது. இப்போது ஒன்று மட்டும் இருக்கிறது, அதுவும் எந்நேரமும் ஒரே வெளிச்சத்தில் ஒளிரும் நான்கு எண்களாக.

மழையைத் தவறவிட்ட நாளுக்குப் பிறகு நான் பெரிதாக ஒன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கீழே வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறேன், அவ்வளவுதான். பங்குனியில் பூ கொட்டியது. சித்திரையில் பிஞ்சு விட்டது. ஆனியில் பழுத்த கொட்டைகள் தலையில் விழுந்தன. அந்த மாதங்கள் ஒவ்வொன்றும் எனக்குத் தனித்தனியாக நினைவில் இருக்கின்றன. அந்த மாதங்களில் அலுவலகத்தில் என்ன வேலை செய்தேன் என்பதுகூட இப்போது ஓரளவு ஞாபகம் வருகிறது, பூவோடும் பிஞ்சோடும் ஒட்டிக்கொண்டு.

அக்கா மகள் அந்த ஈர்க்குக் குச்சியைத் தூக்கிப் போடவில்லை. அன்று சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு, படிப்பை முடித்துவிட்டுத்தான் விளையாடப் போக வேண்டும் என்று அக்கா சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து குரல் வந்தது: "மாமா, அம்மாகிட்டச் சொல்லுங்க, இருட்டுறதுக்கு இன்னும் ஆறு விரல் இருக்கு."